அந்தச் சுவிட்சைத் தங்கச்சியிடமே விட்டு வையுங்கள்

பொறியியலும் தொழில்நுட்பமும் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும், இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். போன கிழமை உங்கள் மாணவர்கள் மூன்று பேர் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். தங்கச்சியின் கழுத்து எவ்வளவு திரும்புது, இமையை எத்தனை தரம் மூடித் திறக்கிறாள் என்று அளந்தார்கள், வீடியோ எடுத்தார்கள், அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்தார்கள். இந்த முறை கண் அசைவைக் கமராவால் பிடித்துச் செயற்கை நுண்ணறிவால் எழுத்தாக்கப் போகிறார்களாம். யார் வந்தாலும் வாய் நிறையச் சிரிக்கிறவள், அவர்கள் போகும் வரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அதுதான் இந்த மடல்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த குழுவை மறந்திருக்க மாட்டீர்கள், பரிசும் வாங்கினீர்களே. தங்கச்சிக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். கதைக்க முடியாது, கைகால் சொல்வழி கேட்காது, ஆனால் எல்லாம் வாசிப்பாள். அவள் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அம்மா பக்கத்தில் இருந்து க, ங, ச என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும், வேண்டிய எழுத்தில் கண்ணை மூடுவாள், பிறகு கா, கி, கீ. பாதிச் சொல்லிலேயே மீதியை அம்மா தானே முடித்துவிடுவார், பெரும்பாலும் பிழையாக.

அந்தப் பிள்ளைகள் இரண்டு மாதம் மினக்கெட்டார்கள். அவள் தானே அழுத்தித் திரையில் எழுத ஒரு சுவிட்ச் செய்தார்கள். அதை முதலில் கையில், பிறகு முழங்காலில் வைத்துப் பார்த்து, கடைசியில் வலது கன்னத்துக்குப் பக்கத்தில் பொருத்தினார்கள். தசை இழுத்து இரண்டாம் தரமும் அழுத்திவிடுவாள் என்பதால், ஒருதரம் அழுத்தினால் கொஞ்ச நேரம் சுவிட்ச் வேறெதையும் கேட்காதபடி செய்தார்கள். 247 எழுத்தையும் திரையில் பரப்பினால் 'வணக்கம்' எழுதவே விடிந்துவிடும் என்று, முதலில் மெய், பிறகு உயிர் என வெளிச்சம் வரிசை வரிசையாக ஓட வைத்தார்கள், வேண்டிய இடத்துக்கு வெளிச்சம் வரும்போது அவள் அழுத்தினால் போதும். கெட்டித்தனமான வேலை, மறுக்கவில்லை.

ஒரு நாள் வேலையால் வந்து பார்க்கிறேன், திரையில் எனக்கு எழுதி வைத்திருக்கிறாள்: "அம்மாவுக்கு முழங்கால் நோ. இரவில் அழுகிறா. டொக்டரிடம் கூட்டிப் போ. நான் சொன்னதென்று சொல்லாதே."

இதை அம்மாவின் வாயாலேயே எழுத்துக் கூட்டி அவள் எனக்கு எப்படிச் சொல்லியிருப்பாள்? 23 வயது வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு சொல்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளைகளின் வைவா, அதாவது வாய்மொழிப் பரீட்சை, முடிந்தது. கண்காட்சிக்கு வேண்டும் என்று கருவியைக் கொண்டு போனார்கள். அப்புறம் அது ஆய்வுகூடத்துச் சாமான், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாலு தரம் தொலைபேசியில் கேட்டேன். புதுக் குழு பழையதையே செய்தால் புள்ளி கிடைக்காதாம், புதுத் தலைப்பு வேண்டுமாம்.

நான் கேட்பது ஒன்றுதான். செய்த கருவியை, அதைப் பாவிக்கிற ஆளிடமே விட்டுவிட்டுப் போங்கள்.

சுவிட்சாலேயே கைபேசியை இயக்குகிற 'சுவிட்ச் அக்செஸ்' வசதி கைபேசியிலேயே சும்மா கிடைக்கிறதே என்பீர்கள். போட்டும் பார்த்தேன். அவள் கன்னத்துக்குத் தோதான சுவிட்சும், அதைக் கதிரையில் பிடித்து வைக்கிற தாங்கியும் எந்தக் கடையில் விற்கிறார்கள்? உடல் அசைக்க முடியாத விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங் கன்னத் தசை ஒன்றால் எழுதினார், அவருக்கென்று செய்த மென்பொருளை இன்டெல் 2015இல் எல்லாருக்கும் இலவசமாகவே விட்டது. பழுதானால் பார்க்க அவருக்கு ஆள் இருந்தது. எங்களுக்கு அந்த ஆள் நீங்கள்தான். இங்கேயே ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் காலைப் பாருங்கள், தேய்ந்தால் கொண்டுபோய்த் திருத்த ஓர் இடம் இருக்கிறது. கால் கொடுத்தவர்கள், படம் எடுத்து முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகவில்லை.

சட்டமே இல்லாத நாடு என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென்று 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம், அவர்கள் போய்வர வசதியாகக் கட்டடங்கள் இருக்க 2006இல் விதிகள், 2016இல் உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனம். அந்தச் சாசனத்தின் 4ஆவது உறுப்புரை இப்படியான தொழில்நுட்பங்களை ஆராய்ந்து உருவாக்கினால் மட்டும் போதாது, அவை கிடைக்கவும் பாவிக்கவும் வழி செய்ய வேண்டும், கட்டுப்படியாகிற விலைக்கு முன்னுரிமை வேண்டும் என்கிறது. நம்மிடம் இருப்பதோ சாய்தளத்தில் பூச்சாடி வைக்கிற அலுவலகங்களும், கொடுத்தவரின் பெயரை முதுகில் எழுதி எல்லாருக்கும் ஒரே அளவில் தருகிற சக்கர நாற்காலிகளும். எங்கள் வீட்டில் இரண்டு நிற்கின்றன, ஒன்றில் உடுப்புக் காய்கிறது. சரி, அது உங்கள் பிழை இல்லை. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

வந்த பிள்ளைகளை ஏச வேண்டாம், அவர்கள் தாராளமாக வரட்டும். ஆனால் முன்னைய குழு செய்ததைத் திருத்திக் கொடுப்பதற்கும் தயவுசெய்து புள்ளி போடுங்கள். அதோடு அந்தப் பழைய சுவிட்ச் உங்கள் அலுமாரி எதிலாவது கிடக்கும், தேடிப் பாருங்கள். லப்டொப் வேண்டாம், அதை நாங்களே வாங்கிவிட்டோம். சுவிட்சும் அந்த மென்பொருளும் போதும்.

அம்மாவின் முழங்காலுக்கு அப்போதே மருந்து எடுத்தோம். இப்போது மற்றக் கால் எப்படி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும்.

சனி, ஞாயிறு எனக்கு லீவு. சொன்னால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
அவளுடைய அண்ணன்