குளிர்காலக் குழாய்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

அங்கத்தினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

திருப்பணி என்றதும் விமானமும் வர்ணமும்தான் நினைவுக்கு வரும். இந்த முறை செய்து முடித்ததில் கண்ணுக்குத் தெரிவது அநேகமாக ஒன்றுமில்லை. சுவருக்குள்ளும், கூரைக்கு அடியிலுள்ள பரணான அட்டிக்கிலும், மண்ணுக்கடியிலும் கிடக்கிற தண்ணீர்க் குழாய்கள்தான் வேலை. நன்கொடை கேட்டு வந்தபோது "குழாய்க்கா?" என்று சிலர் சிரித்தீர்கள். 2021 பிப்ரவரியில் கோயிலுக்குள் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அதற்கு அப்புறம் ஹூஸ்டனுக்கு மேற்கே இந்தக் கேட்டி பக்கம் குடிவந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. அந்த மாதம் 16ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஹூஸ்டன் விமான நிலையத்தில் 13 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. டெக்சஸ் முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரண்ட் இல்லை. நம் கோயிலிலும் இல்லை. குருக்கள் இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு விளக்கேற்றினார். குழாய் உறைந்ததே எங்களுக்குத் தெரியாது. குளிர் விட்டதும்தான் தெரிந்தது. மகாமண்டபத்தின் ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) கூரை ஊறிப் பிய்ந்து, அட்டிக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. வால்வை மூடு என்று பத்துப் பேர் கத்தினார்கள். வால்வு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பார்க்கிங் ஓரத்தில் புல்லுக்கு அடியில் மீட்டர் பெட்டி, அதைத் திறக்கக் கையில் கருவி இல்லை. முக்கால் மணி நேரம் கொட்டிற்று. உற்சவரை இரண்டு பேர் தோளில் தூக்கி அலுவலக அறைக்குக் கொண்டுபோனார்கள்.

2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய குளிரில் தண்ணீர் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்க வெளியே இருந்த பேக்ஃப்ளோ வால்வும் வெடித்தது. இனி ஒட்டுப்போடுவதில் பயனில்லை என்று பொதுக்குழுவில் முடிவெடுத்தோம்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. ஆனால் குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி நிற்கிற இடத்தில் வெடிப்பதில்லை. அந்தக் கட்டிக்கும் மூடிய குழாய்த் திறப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் பிளக்கிறது. அதனால்தான் திறப்பைக் கொஞ்சம் திறந்து சொட்டவிடச் சொல்வார்கள். 2021இல் எல்லாரும் அப்படிச் சொட்டவிட, ஊர்க் குழாயிலேயே அழுத்தம் விழுந்து, அப்படிச் செய்யாதீர்கள் என்று ஹூஸ்டனில் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்துவிடும். அபிஷேகத்துக்கும் மடப்பள்ளிக்கும் தண்ணீர் வேண்டிய நாம் அந்தத் திண்டாட்டத்தை மறக்க முடியாது.

முதலில் எங்கள் யோசனை, குழாயில் சுற்றிக் கரண்டில் சூடாக்கும் ஹீட் டேப்பாக இருந்தது. விலையும் கேட்டாயிற்று. அப்போது குழுவிலிருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கரண்ட் போனா அது என்ன பண்ணும்?" சரி, ஒன்றும் பண்ணாது. அதோடு அந்த யோசனை போயிற்று. குழாயைச் சூடாக வைப்பதைவிடக் காலியாக வைப்பதே வழி என்று தீர்மானித்தோம். மடப்பள்ளி, கழிப்பறைகள், கால் கழுவும் இடம், தோட்டம் என்று தண்ணீரை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூடும் வால்வும் தாழ்ந்த இடத்தில் வடிகால் குழாயும் வைத்திருக்கிறோம். மெயின் வால்வு இப்போது கட்டடத்துக்குள், இடுப்பு உயரத்தில், சிவப்புப் பிடியோடு இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூடலாம்; மூடிக் காட்டியும் விட்டான்.

அட்டிக் வேலையில் ஒரு தவறு நடந்தது. மறைக்க விரும்பவில்லை. ஒப்பந்தக்காரர் பஞ்சுப் பொதியை முதலில் பரப்பி, அதன் மேல் குழாயைப் போட்டுவிட்டார். அப்படிப் போட்டால் கீழே அறையிலிருந்து வருகிற வெதுவெதுப்பு குழாயை எட்டாது. மேலிருக்கும் குளிர்தான் எட்டும். பஞ்சு குழாய்க்கு மேலே போர்வையாக இருக்க வேண்டும். நாங்கள் மேற்பார்வை பார்த்திருக்க வேண்டியது, பார்க்கவில்லை. பிரித்து மறுபடி போட்டதில் மூன்று வாரம் தாமதம். கூடுதல் கூலியை ஒப்பந்தக்காரர் பாதி ஏற்றுக்கொண்டார்.

தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாயைக் காலி செய்ய முடியாது. விளக்கும் கற்பூரமும் எரிகிற இடம். அதை நிறுத்தினால் இரவும் பகலும் ஆள் காவல் இருக்க வேண்டும். ஆகவே அந்தக் குழாய் போகும் பகுதி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காதபடி அடைப்புச் செய்து, தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறோம். கரண்ட் போனால் இங்கே ஆள்தான் பார்க்க வேண்டும். இது இன்னும் நமக்குப் பலவீனமான இடம்தான்.

சோதனையும் வந்துவிட்டது. 2025 ஜனவரி 21 அன்று ஹூஸ்டனில் பனி பெய்ததே, அதற்கு முந்தைய மாலையே குடங்களிலும் டிரம்களிலும் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு, நான்கு பிரிவையும் வடித்தோம். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஒரு துளி ஒழுகவில்லை. அன்றும் செவ்வாய்க்கிழமை. முருகன் தன் கிழமையில்தான் நம்மைச் சோதிக்கிறான் போலிருக்கிறது.

இனி வரி விஷயம். "நாங்கள்தான் வீட்டுக்கு மட் வரி கட்டுகிறோமே, இதையும் அவர்களே செய்யக்கூடாதா?" என்று பலர் கேட்டீர்கள். மட் (MUD) என்பது முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்டின் சுருக்கம்; ஒரு குடியிருப்புப் பகுதியின் தண்ணீர், கழிவுநீர் வசதிக்கான தனி அமைப்பு. ஆங்கிலத்தில் மட் என்றால் சேறு. மண்ணுக்கு வரியா என்று நம் பெரியவர்கள் கேட்பது வேடிக்கையானாலும், தப்பில்லை. வயலாகக் கிடந்த இடத்தில் குடிநீர், கழிவுநீர், மழைநீர்க் குழாய்களைப் போட்ட செலவுக்கு இந்த மட் அமைப்பு கடன்பத்திரம் விற்கிறது. அந்தக் கடனை வீட்டுக்காரர்கள் வரியாக அடைக்கிறார்கள். வீடுகள் பெருகினால் கடன் பலர் மேல் பரவி விகிதம் குறைய இடமுண்டு. 2021 குளிருக்குப் பிறகு வந்த டெக்சஸ் செனட் மசோதா 3, நீண்ட மின்தடையிலும் தண்ணீர் தர அவசரத் திட்டம் வைத்திருக்கச் சொல்கிறது. ஜெனரேட்டர் சும்மா வராது, அதுவும் வரியிலோ பில்லிலோதான் ஏறும். ஆனால் மட் அமைப்பின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் நம்முடையது.

கோயில் கட்டடத்துக்கு, டெக்சஸ் வரிச் சட்டம் 11.20 பிரிவின்படி, சொத்துவரி இல்லை. தண்ணீர் பில்லுக்கு விலக்கு கிடையாது. விரிவாக்கத்துக்கென்று ஒட்டி வாங்கிய பின்மனைக்கான விலக்கு 6 வருஷத்துக்கு மேல் நிற்காது. கட்ட ஆரம்பிக்காவிட்டால் வரி வரும். அதை அடுத்த பொதுக்குழுவில் பேசியாக வேண்டும்.

உங்கள் வீட்டு வரிக்குக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரியில் கட்டினால் 7 சதவீதம் கூடும், ஜூலை வரை விட்டால் 18 சதவீதம், வசூல் செலவு தனி. குளிர் எச்சரிக்கையும் வரித் தேதியும் ஒரே மாதத்தில் வருவதால் பலருக்கு இரண்டில் ஒன்று தவறிப்போகிறது.

வரவுசெலவுத் தாள் அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மீட்டர் பெட்டி திறக்கும் கருவி மடப்பள்ளி வாசலில் ஆணியில் தொங்குகிறது. எடுத்தவர்கள் அங்கேயே திரும்ப மாட்டிவிடுங்கள்.

திருப்பணிக் குழு