சிறிய கடனுக்குப் பெரிய வட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேராசிரியர் தருண் ராமதுரை தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு, இந்தியக் குடும்பத்தின் சொத்தில் சராசரியாக 84 சதவீதம் வீடு, நிலம் முதலியவற்றிலும் 11 சதவீதம் தங்கத்திலும் இருப்பதாக 2017-இல் கணக்கிட்டது. அவர் ஜான் கேம்ப்பெல், பெஞ்சமின் ரானிஷ் ஆகியோருடன் 2019-இல் வெளியிட்ட ஆய்வோ, பங்குச் சந்தையில் பெரிய கணக்குக்காரர்கள் பணத்தைப் பல பங்குகளில் பிரித்துப் போடுவதால் வேகமாக வளர்வதையும், ஓரிரு பங்குகளை நம்பும் சிறு கணக்குக்காரர்கள் பின்தங்குவதையும் காட்டியது.

பங்கு வாங்க வழியில்லாதவர்களிடம் இந்த ஏற்றத்தாழ்வு கடன் வழியாக வந்து சேர்வதை, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் இருந்த காலத்தில் நான் நேரில் கண்டேன். மழையால் ரப்பர் பால்வெட்டு நின்றிருந்த ஒரு ஜூலை மாதம், அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை செய்த பெண் ஒருவர் இரண்டு பவுன் சங்கிலியோடு வந்தார். நாங்கள் கொடுக்கும் தொகையைக் கேட்டதும், "வெளியில கூடுதல் கிட்டும் சாரே" என்று சொல்லி எடுத்துச் சென்றுவிட்டார். மறு வருடம் அவர் வந்தபோது பிளாஸ்டிக் உறையில் அடகுச் சீட்டு மட்டுமே இருந்தது. முதல் மாதம் குறைவாக இருந்த வட்டி, தவணை தவறத் தவற ஏறியிருக்கிறது. அதை யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

வாரக் கடனின் கணக்கு இதைவிடக் கொடியது. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, வாரம் 1,000 வீதம் பத்து வாரம் வசூலித்தால், கேட்பதற்குப் பத்து சதவீதம்போல இருந்தாலும், ஆண்டுக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமோ, ஆட்சியர் அலுவலக வாசலில் யாராவது மண்ணெண்ணெய்க் கேனோடு நிற்கும்போதுதான் நமக்கு நினைவுக்கு வருகிறது.

முறையான நிறுவனங்களிலாவது இந்த மறைப்பைத் தடுக்க ஒரு விதி உள்ளது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி விதித்துள்ள கடமை. ஆனால் அண்மையில் என் பக்கத்து வீட்டாருக்குக் கிடைத்த தாள்கள் முழுக்க ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தன. கையெழுத்திட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1-இல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, பால்வெட்டும் அதையொட்டி நின்றுவிடுகிறது. அடகுக்கடைகளில் கூட்டம் சேரும் மாதங்கள் அவை. அதற்கு முன்பாக, ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் கூட்டத்தில், இந்த விவரத் தாளைத் தமிழில் தருகிற கிளைகள் எவை, தராதவை எவை என்று ஊர்வாரியாகக் கேட்டுப் பெற்று வெளியிடும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்