எல்இடி டி.வி.யும் எல்சிடிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக்கு டி.வி. வாங்குவது பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். 32 இஞ்சுக்கு மேற்பட்ட செட்டுகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு பெரிய செட்டை விசாரிக்காத வீடு இல்லை என்பதால், வேண்டிய பக்கம்தான். ஆனால் அந்த அட்டவணையில் எல்சிடிக்கு ஒரு கட்டம், எல்இடிக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, இரண்டாவதைப் புதிய தொழில்நுட்பம் என்று எழுதியிருந்தீர்கள். கோவில்பட்டியில் 28 வருடமாக டி.வி. ரிப்பேர் பார்க்கிற எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கடையில் எல்இடி என்று விற்பதும் எல்சிடி டி.வி.தான். அதன் பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பலகை, தானாக ஒளி விடாது. ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் வடிகட்டி விடும் இரண்டு போலரைசர் தாள்களுக்கு நடுவே திரவப் படிகம் (எல்சிடியில் வரும் எல்சி இதுதான்) இருக்கிறது. கொடுக்கிற வோல்டேஜுக்கு ஏற்ப அது திரும்பி, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை வழிவிடும் அல்லது மறிக்கும். அந்த வெளிச்சத்துக்கு முன்பெல்லாம் பென்சிலைவிட ஒல்லியான டியூப்லைட்டுகள் இருந்தன. இப்போது எல்இடி பல்புகள். மாறியது விளக்குதான், பேனல் அதே சங்கதிதான். (1888-ல் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு தடவை உருகியது. 145.5 டிகிரியில் கலங்கலாக, 178.5-ல் தெளிவாக. திரவப் படிகத்தின் கதை அங்கே தொடங்குகிறது. கேரட்டிலிருந்து வந்த சாமான் என்று சொன்னால் கடைப் பையன் இன்னும் நம்பவில்லை.)

கியூஎல்இடி என்பதும் இதே குடும்பம். நீல எல்இடிக்கு முன்னால், அதன் வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் குவாண்டம் டாட் என்ற நுண்துகள்கள் கொண்ட ஒரு தாள் கூடுதல். நிறம் நன்றாகவே இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஓஎல்இடி மட்டும்தான் உண்மையில் வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும், அதனால் கறுப்பு என்றால் கறுப்பு. விலை அதிகம். காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடுகிற வீட்டுக்கு அதை நான் சொல்வதில்லை, ஓரத்தில் நிற்கும் சேனல் முத்திரை நாளடைவில் திரையில் தழும்பாகத் தங்கிவிடலாம்.

போன மாதம் ஒரு அம்மா ஆட்டோவில் 43 இஞ்ச் செட்டோடு வந்தார். "சத்தம் வருது, படம் வரலை. பேனல் போச்சு, புதுசு வாங்கிருங்கன்னு சொல்லிட்டாங்க தம்பி" என்றார். கடை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். அந்த வட்ட வெளிச்சத்துக்குள் ஒரு பெண் முகம் மங்கலாக அழுதுகொண்டிருந்தது. ஜிமிக்கி ஆடுவதுகூடத் தெரிந்தது. "இதோ உங்க நாடகம் ஓடுதும்மா, லைட்டுதான் இல்லை" என்றேன். பேனல் நன்றாகத்தான் இருந்தது. திறந்து பார்த்தால் மூன்று பேக்லைட் ஸ்ட்ரிப்பில் (பேனலுக்குப் பின்னால் எரியும் எல்இடி பல்புப் பட்டை) ஒரே ஒரு பல்பின் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி. எல்லாம் ஒரே வரிசை. கோயில் கொடைக்குப் போடும் சீரியல் செட்டில் ஒன்று போனால் மொத்தமும் அணையுமே, அதே கதை. மூன்றையும் மாற்றிக் கொடுத்தேன். பேனல் மாற்றுகிற காசுக்குக் கிட்டத்தட்ட புது டி.வி. வந்துவிடும். ஸ்ட்ரிப்புக்கு அதில் சின்னப் பங்குதான்.

அந்த பல்பு ஏன் போனது? முதல் தடவை போடும்போது வீடா, கடையா என்று செட் கேட்கும். மாட்ட வந்தவர் கடை என்று அழுத்திவிட்டுப் போயிருந்தார். ஷோரூமின் அத்தனை விளக்குக்கும் ஈடுகொடுக்க வேண்டிய வெளிச்சம் அந்த அம்மாவின் பத்தடி ஹாலில் தினமும் ஆறு மணி நேரம் எரிந்திருக்கிறது. பேக்லைட்டுக்குச் சூடுதான் எமன். செட்டிங்கில் பேக்லைட்டை 100-லிருந்து 50, 60-க்கு இறக்குங்கள். பல செட்டுகளில் பிரைட்னஸ் என்று இருப்பது வேறு. அது படத்தின் கறுப்பை ஏற்றி இறக்கும், விளக்கைத் தொடாது.

சரி, வாங்கும்போது? கடையில் ஓடும் கிளி, மீன், பூ வீடியோவை நிறுத்தச் சொல்லி, இருட்டுக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனல் ஓரத்திலிருந்தும் சரியாகத் தெரியும், ஆனால் கறுப்பு சாம்பலாக இருக்கும். நம் வீடுகளில் ஒருவர் கட்டிலில், ஒருவர் அடுப்படி வாசலில், பிள்ளைகள் தரையில் என்று ஆளுக்கொரு பக்கம் இருப்பதால் நான் ஐபிஎஸ் பக்கம்.

4கே-யில் 83 லட்சம் புள்ளி, ஃபுல் எச்டியில் 21 லட்சம். ஆனால் 43 இஞ்ச் ஃபுல் எச்டியில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் சாதாரணக் கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது. கேபிளில் எஸ்டி சேனல் பார்ப்பவருக்கு வருவதே 576 வரி. அதை 55 இஞ்சில் போட்டால் கலங்கல்தான் பெரிதாகும்.

இன்னொன்று. ஆயுத பூஜைக்கு டி.வி.யை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக இறங்கி, பேனலில் ஒட்டியிருக்கும் ரிப்பனை அரித்துவிட்டால் கோடு விழும். அது என் கையிலும் இல்லை.

அடுத்த முறை அந்த அட்டவணையைப் போடும்போது முதல் இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
டி.வி. மெக்கானிக் ஒருவர்,
கோவில்பட்டி