அம்மாவுக்கு ஒரு காப்பி மெஷின்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் நேற்று வந்தது. பெண்ணுக்குத் தாம்பரத்துக்கே மாற்றல் கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் அம்மாவுக்குக் கை நடுக்கம் கூடிவிட்டது என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தன் காப்பியைத் தானே போட்டுக் குடிக்கிறவங்க. அந்த உரிமையை அவங்ககிட்டேயிருந்து யாரும் பறிக்கக் கூடாது. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைத் தூக்கி ஃபில்டரில் ஊற்றுவதுதான் அதில் ஆபத்தான வேலை. மெஷினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி சுவிட்சைத் தட்டினால் போதும். அதனால் வாங்கலாமா என்ற உன் கேள்விக்கு என் பதில், தாராளமாக வாங்கு என்பதுதான். ஆனால் எதை வாங்குகிறாய், அதில் என்ன அளவில் போடுகிறாய் என்பதில் கவனம் வேண்டும். இல்லாவிட்டால் பத்து நாளில் அது பரணுக்குப் போய்விடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். கடையில் டிரிப் காப்பி மேக்கர் என்று விற்பது நம் காப்பிக்காகப் பிறந்ததே இல்லை. 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி காகிதத்தில் காப்பி வடிகட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1954-இல் அதே நாட்டில் விகோமாட் என்ற மின்சார மெஷின் வந்தது. இன்றைய மெஷின்கள் எல்லாம் அந்த வம்சம்தான். அங்கே ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம், மிஞ்சினால் 60 கிராம் பொடி போடுவார்கள். அதைப் பெரிய கோப்பையில் அப்படியே கறுப்பாகக் குடிப்பார்கள். நாம் போடுவது டிகாக்‌ஷன். கால் லிட்டர் தண்ணீருக்கே 40 கிராம் பொடி, அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு அடர்த்தி. மெஷினோடு வரும் புத்தகத்தில் உள்ள அளவில் போட்டு, அதில் பாலையும் ஊற்றினால் காப்பி நிறத்தில் வெந்நீர்தான் கிடைக்கும். மெஷின் சரியில்லை என்று குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த அளவில்தான் தவறியிருப்பார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். தொட்டியின் அடியில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும், தண்ணீர் கீழே போகும், திரும்பி வராது. அங்கிருந்து ஜாடி உட்காரும் சூட்டுத் தட்டுக்கு அடியில் வளைந்து கிடக்கும் அலுமினியக் குழாய்க்குள் போகும். குழாயோடு ஒட்டினாற்போல் ஹீட்டர். குழாயில் தண்ணீர் கொதித்ததும் நீராவிக் குமிழிகள் அதை மேலே தள்ளும், பொடியின் மேல் கொட்டும். மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. முதலில் வந்து விழும் தண்ணீர் வழியில் சூட்டை இழந்துவிடும், போகப் போகத்தான் சூடு ஏறும். காப்பிச் சாறு நன்றாக இறங்க 92 முதல் 96 டிகிரி வேண்டும். ஒரு லிட்டர் மெஷினில் கால் லிட்டர் ஊற்றினால் அந்தச் சூடு வருவதற்குள் தண்ணீரே தீர்ந்துபோகும். அதனால் அம்மாவுக்குப் பெரிய மெஷின் வேண்டவே வேண்டாம். அரை லிட்டருக்குப் பக்கமாக ஒரு சின்ன மெஷின் போதும். ஜாடியும் கனக்காது.

கடைக்குப் போனால் முதலில் பொடி போடும் கூடையை வெளியே எடுத்துப் பார். அகலமாகத் தட்டையாக இருந்தால் வேண்டாம். 40 கிராம் பொடி அதில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். குறுகலாக, ஆழமாக இருக்க வேண்டும். நைலான் வலையைவிட நுண்ணிய துளை போட்ட ஸ்டீல் ஃபில்டர் நல்லது. நம் ஊர்க் கம்பெனிகள் டிகாக்‌ஷனுக்கென்றே போடும் மெஷின்களில் இது இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளைகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று தெரியும். காகித ஃபில்டர் நம் காப்பிக்கு ஒத்துவராது. காப்பியின் எண்ணெயைக் காகிதம் பிடித்துக்கொள்ளும், பாலோடு சேர்ந்து நிற்கும் கனம் போய்விடும். (அந்த எண்ணெயில்தான் ரத்தத்தில் கொழுப்பைக் கூட்டும் பொருளும் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது டாக்டர் எச்சரிக்கை செய்திருந்தால், அவருக்கு மட்டும் காகிதத்தில் வடிப்பது சரிதான்.)

டிஜிட்டல் கடிகாரம், டைமர் எதுவும் அம்மாவுக்குத் தேவையில்லை. முன்பக்கம் பெரிதாக ஒரு சுவிட்ச், அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும், அது போதும். தொட்டியில் கப் கணக்கு மட்டும் போட்டிருந்தால் ஏமாறாதே, அவர்கள் கப் 120 மில்லி அளவில் இருக்கும். மில்லி கோடு இருப்பதைப் பார்த்து வாங்கு. கண்ணாடி ஜாடி என்றால் உதிரி ஜாடி தனியாகக் கிடைக்குமா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடு. மெஷின் நன்றாக இருக்கும்போதே ஜாடி உடைந்துபோய் மூலையில் கிடக்கிற வீடுகள் நிறைய. 700 வாட் மெஷினுக்குச் சாதாரண பிளக் போதும், மூன்று ஆம்பியர்தான் இழுக்கும். ஒன்று சொல்கிறேன், விடிகாலையில் உங்கள் பக்கம் வோல்டேஜ் எப்படி என்று பார்த்துக்கொள். 230-க்குப் பதில் 190 வோல்ட்தான் வந்தால் ஹீட்டரின் பலம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும்.

இனி பொடி. இதில்தான் நீ அதிகம் மெனக்கெட வேண்டும். ஃபில்டருக்கு அரைக்கும் அதே நைஸ் பொடியை மெஷினில் போட்டால் கூடை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் விளிம்பு வழியாக வழியும், மண்டி ஜாடிக்குள் இறங்கும். அரைக்கும் கடையில் ‘மெஷினுக்கு, ஒரு சுற்று கரகரப்பாக’ என்று சொல்லி வாங்கு. விரலில் தேய்த்தால் சன்ன ரவை மாதிரி நெருட வேண்டும். சிக்கரி ஊறியதும் பிசுபிசுத்துத் துளைகளை மூடும், அதனால் மெஷினுக்கு 100-க்கு 15 பங்கு, அதிகம் போனால் 20 போதும். பாக்கெட் வாங்குவதாக இருந்தால் லேபிளைப் படி. சிக்கரி கலந்த பொடியில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் சதவீதத்தையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். சிலதில் 47, 49 என்று சிக்கரி இருக்கும். சிக்கரியில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடுவதால் டிகாக்‌ஷன் கறுகறுவென்று இறங்கும், ஆனால் காப்பி மணம் இருக்காது. அம்மா அதை ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாங்க.

கொட்டையில் பிளான்டேஷன் ஏ என்ற அராபிகா ரகம் பாதி, பீபெர்ரி என்ற உருண்டைக் கொட்டை பாதி என்பது நம் வீடுகளின் பழக்கம். மெஷினில் தண்ணீர் வேகமாக இறங்குவதால் கனம் கொஞ்சம் குறையும். அதை ஈடுகட்ட ஐந்தில் ஒரு பங்கு ரோபஸ்டா சேர்க்கச் சொல்லலாம். ஆனால் அதில் காஃபின் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராத தொந்தரவு இருந்தால் ரோபஸ்டா வேண்டாம், பொடியை ஐந்து கிராம் கூட்டிக்கொள். ஒரு நேரத்தில் 200 கிராமுக்கு மேல் அரைத்து வாங்காதே. அரைத்த பொடி பத்து, பதினைந்து நாளிலேயே மணத்தை விட்டுவிடும்.

அளவு இதுதான்: பொடி 40 கிராம், தண்ணீர் 250 மில்லி. பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதாவது 80 மில்லி போய்விடும். ஜாடியில் இறங்குவது 170 மில்லி. ஒரு டம்ளருக்கு 40 மில்லி டிகாக்‌ஷன், 100 மில்லி பால் என்று வைத்தால் நாலு டம்ளர் காப்பி வரும். ஒரு தடவை தராசில் எடை போட்டு, அந்தப் பொடி எந்தக் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டுக் கொடுத்துவிடு. அம்மா விடிகாலை இருட்டில் கரண்டி எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம்.

போடும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொடியைக் கூடையில் கொட்டி லேசாகத் தட்டிச் சமமாக்கு, அழுத்தாதே. சுவிட்சைப் போட்டு, கடகடவென்று சத்தம் வந்து தண்ணீர் விழ ஆரம்பித்து அரை நிமிஷத்தில் அணைத்துவிடு. அதற்குள் பொடி முழுக்க நனைந்து உப்பிக்கொள்ளும். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி போடு. நம் ஃபில்டரில் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது கிடைக்கிற ஊறலை மெஷினில் இப்படித்தான் ஓரளவு வரவழைக்க முடியும். இதைச் செய்த டிகாக்‌ஷனையும் செய்யாததையும் பக்கத்தில் வைத்து ருசி பார், உனக்கே தெரியும்.

முடிந்ததும் கூடைக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள். சக்கை மேலே சமமாக, ஒரே நிறமாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் குழி விழுந்து, ஓரத்துப் பொடி வெளிறிக் கிடந்தால், தண்ணீர் ஒரே துளை வழியாக விழுந்து நடுவிலேயே ஓட்டை போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பொடி பாதிக்குமேல் வீண். பழைய ஃபில்டரில் குடை மாதிரி கைப்பிடி வைத்த துளைத் தட்டு இருக்குமே, அது கூடைக்குள் நுழைந்தால் பொடியின் மேல் சும்மா வைத்துவிடு. தண்ணீர் பரவி விழும்.

சில பேர் டிகாக்‌ஷன் நீர்த்துப்போச்சு என்று அதையே மறுபடி தொட்டியில் ஊற்றி ஓட்டுவார்கள். அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதே. குழாயில் காப்பி காய்ந்து கரியாகிவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் கருகல் வாடைதான். தொட்டிக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் போகக் கூடாது. அந்தத் தண்ணீரும் போர் தண்ணீராக இருந்தால் குழாயில் உப்பு படியும். தண்ணீர் மெதுவாக ஏறுவது, அதிகமாகச் சீறி ஆவி விடுவது, தொட்டியில் மிச்சம் நிற்பது, மூன்றும் உப்பின் அடையாளம். மாதம் ஒரு முறை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்று. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். பாதி ஓடியதும் அணைத்து, இருபது நிமிஷம் ஊறவிட்டு மீதியை ஓட்டு. பிறகு வெறும் தண்ணீர் இரண்டு தடவை. வினிகரிலும் உப்பு கரையும், ஆனால் அந்த வாடை போக நாளாகும். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் உப்புத் தொல்லை குறைவு. ஆனால் அளவுக்கு மேல் சுத்தமான தண்ணீரில் காப்பி சப்பென்று இருக்கும். உங்கள் ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். திருகு, அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் 100-க்கும் 150-க்கும் நடுவில் வைக்கச் சொல்.

தண்ணீர் மேலே ஏறாமல் தொட்டிக்குள்ளேயே குமிழிவிட்டால் ஒருவழி வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது. விளக்கு எரிந்தும் சூடே ஏறாவிட்டால் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போயிருக்கும், அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். கூடை நிரம்பி வழிந்தால் முதலில் ஜாடி மூடியைப் பார். மூடி சரியாக உட்காராவிட்டால் கூடையின் அடியிலுள்ள அடைப்பான் திறக்காது. தினமும் கழுவும்போது அந்த அடைப்பானை விரலால் நாலு தடவை அமுக்கி விடு. பொடி சேர்ந்து இறுகுவது அங்கேதான்.

டிகாக்‌ஷன் இறங்கியதும் சூட்டுத் தட்டை அணைத்துவிட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் அங்கே இருந்தால் கசப்பு ஏறும். சின்ன ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்தால் நீங்கள் எழுந்து வரும்வரை நன்றாக இருக்கும். சாயங்காலத்துக்கு மிஞ்சியதை நேராக அடுப்பில் வைக்காதே, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடாக்கு. பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டாக இருக்கட்டும், அதில் கொழுப்பு 6 சதவீதம். ஒரு கொதிதான், திரும்பத் திரும்பக் காய்ச்சிய பால் நல்ல டிகாக்‌ஷனையும் கெடுத்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் பித்தளை ஃபில்டரில் கள்ளிச்சொட்டாக இறங்கும் முதல் டிகாக்‌ஷனுக்கு மெஷின் ஈடாகாது. இதை மறைத்து உனக்கு நான் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வீட்டில் இருக்கும்போது ஃபில்டரில் போட்டுக் கொடு. இறங்கவில்லை என்றால் மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கி வை. ஈரத்தில் இரண்டு பாத்திரமும் இறுக ஒட்டிக்கொண்டு, கீழே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். துளை அடைப்பை எடுக்க ஸ்டீல் ஃபில்டர் என்றால் இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டலாம். பித்தளையை அப்படிக் காட்டாதே, உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்.

மெஷின் வாங்கியதும் கூடையின் ஆழம், வலையின் ரகம் இரண்டையும் எனக்கு எழுது. அதற்கேற்ற பதத்தில் இங்கே அரைத்து, முதல் 200 கிராமை நானே அனுப்பி வைக்கிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
விஜயா