பாசோ காட்டுக்கு ஆண்டில் மூன்று முறை: பகாவ் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

கல்விச் சுற்றுலா என்றாலே பேருந்து கோலாலம்பூரை நோக்கித்தான் புறப்பட வேண்டும் என்பது நம் பள்ளிகளில் எழுதப்படாத விதியாகிவிட்டது. பிள்ளைகள் தலைநகரைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும், நம் ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், சிம்பாங் பெர்தாங் அருகே, வெளிநாட்டு ஆய்வாளர்களும் தேடி வரும் பாசோ வனக்காப்பகம் இருக்கும்போது, நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் ஆறாம் ஆண்டை முடிப்பது முறையாகத் தோன்றவில்லை. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களை ஓர் ஆண்டில் மூன்று வெவ்வேறு பருவங்களில் அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பாசோ சுமார் 2,400 எக்டர் பரப்புடையது. அதன் நடுவில் 600 எக்டர் அளவுக்கு மரம் வெட்டும் கோடரி படாத தாழ்நிலப் பழங்காடு எஞ்சியிருக்கிறது. அதற்குள் 50 எக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள கன்று தொடங்கி ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, 1980களின் நடுப்பகுதியிலிருந்து மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தினர் கணக்கெடுத்து வருகிறார்கள். அந்த 50 எக்டருக்குள் மட்டும் 800க்கும் மேற்பட்ட மர வகைகள் பதிவாகியுள்ளன. காட்டின் மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள்.

ஒரே ஒரு முறை போய் வந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். நம் நாட்டில் வெயிலும் மழையும் தவிரப் பருவம் ஏது என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் அப்படிச் சொல்லமாட்டா. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துத் துளிர்விடும்போது பால் குறையும், பால் குறைந்தால் சம்பளமும் குறையும் என்பதை லயத்து வீடுகளில் வளர்ந்த எவரும் அறிவர். பாசோவில் மிகுதியாக வளரும் பெராஹ் மரம் ரப்பர் மரத்தின் தாவரக் குடும்பத்தையே சேர்ந்தது. அதுவும் ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலையை உதிர்த்து, செந்நிறத் தளிர்களை விடுகிறது. ரப்பர்க் காயைப் போலவே அதன் காயும் முற்றியதும் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். நச்சுத்தன்மையுள்ள அந்த விதையைப் பக்குவப்படுத்தி உண்ணும் வழக்கம் பூர்வகுடியினரிடம் உண்டு. பிப்ரவரியில் தளிரைப் பார்த்த பிள்ளை, ஆண்டின் பிற்பாதியில் மறுபடியும் வந்து அதே மரத்தடியில் விதையைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு பயணங்களுக்கும் காரணம் இதுவே.

மூன்றாம் பயணம் மழைக்கானது. பாசோவும் நம் ஊரும் அமைந்த ஜெலுபு, ஜெம்போல் மாவட்டங்களின் பக்கம் மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் தீபகற்பத்திலேயே குறைவாக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. பாசோவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு நவம்பர், டிசம்பரிலும் மழை கூடும். அப்போது காளான்கள் முளைக்கும், அட்டைகளும் வரும். அட்டைக்கு அஞ்சும் பெற்றோருக்கு, நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டால் பெரும்பாலும் போதும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்த நாட்காட்டியிலும் குறிக்க முடியாத ஒரு பருவம் இந்தக் காட்டுக்கு உண்டு. மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை வெறுமனே நின்றுவிட்டு, ஏதோ ஓர் ஆண்டில் நூற்றுக்கணக்கான வகைகள் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்துப் பூத்துத் தள்ளுகின்றன. வறட்சியும், இரவு வெப்பநிலை தொடர்ந்து சில நாள்கள் சற்றே தணிவதும் இதைத் தூண்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மெராந்தி இனங்கள் சில ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துப் பூப்பதையும், உழவர்கள் பகையாகக் கருதும் இலைப்பேன் வகைப் பூச்சிகளே அங்கே மகரந்தத்தைச் சுமப்பதையும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே பாசோவில் கண்டு எழுதியவர்கள் அப்பண்ணா, சான் என்னும் ஆய்வாளர்கள். அதன்பின் இறக்கை முளைத்த காய்கள் சுழன்று சுழன்று இறங்கும். விதை தின்னும் விலங்குகள் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு அவை விழுவதால்தான் கொஞ்சமாவது பிழைத்துக் கன்றாகின்றன. மூன்று ஆண்டுகளில் இதைப் பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமலும் போகலாம். ஆனால் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் பள்ளிக்குத்தான் அந்த வாய்ப்பே உண்டு.

தோட்டத்துப் பிள்ளைகளே இதைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. செம்பனைப் பழத்தைத் தின்று பெருகிய காட்டுப்பன்றிகள், குட்டி ஈனுவதற்காக இளங்கன்றுகளை ஒடித்துக் காட்டுக்குள் படுக்கை அமைக்கின்றன. இதனால் 24 ஆண்டுகளில் பாசோவின் இளமரக் கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதுவும் தோட்ட எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால். குலை வெட்டியும் உதிரிப்பழம் பொறுக்கியும் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது தொலைதூரச் செய்தியாக இராது. செம்பனையைப் பழிக்கச் சொல்லவில்லை. நம் சோறு அதில்தான் வந்தது. ஆனால் வேலிக்கு அப்பால் அது என்ன செய்கிறது என்பதையும் அவர்கள் அறிந்திருக்கட்டும்.

பாசோ ஆய்வுக்கான காடு. நினைத்தபோது நுழையும் பூங்கா அல்ல. எனவே வன ஆராய்ச்சிக் கழகத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இருபது பேருக்கு மேல் வேண்டாம். பிற்பகல் இடிமழைக்கு முன் திரும்பிவிட வேண்டும். எண் தகடு பொருத்திய எந்த மரத்தையும் தொடக்கூடாது. ஒரு பள்ளியால் பேருந்துச் செலவைத் தாங்க முடியாவிட்டால், பக்கத்துத் தோட்டப் பள்ளியோடு சேர்ந்து போகலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளிகளுக்கு அது வேறு வகையிலும் நல்லது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அனுமதிக் கடிதத்தை மலாய் மொழியில் எழுதித் தரவும், முதல் பயணத்தில் ஆசிரியர்களுக்குத் துணையாக வரவும் நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பகாவில் வாழும் ஒரு முன்னாள் மாணவர்