உரிந்து போன நியூரான்கள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஏழு வாரம் வளர்த்த நியூரான்கள், அந்த நரம்புச் செல்கள், ஆய்வகத் தட்டின் ஓரத்திலிருந்து உரிந்து, ஈரத்துணி சுருண்டதுபோல நடுவில் கிடக்கின்றன. "எல்லாம் போச்சு அக்கா" என்று எழுதியிருந்தாய். போச்சுதான். ஆய்வுப் படிப்பின் இரண்டாம் வருடத்தில் ஏழு வாரம் என்பது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

மீடியாவை, அதாவது செல்கள் வளரும் திரவத்தை, மாற்றும்போது முழுவதையும் உறிஞ்சி எடுத்தாயா? ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய நியூரான்களுக்கு நாள் ஆக ஆகப் பிடிமானம் குறையும். பாதியை மட்டும் எடு. புதியதைக் குழியின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விடு. நேராக மேலே ஊற்றினால் அந்த வேகமே போதும், கிளப்பிவிடும். சரி, இது கைப்பழக்கம், வந்துவிடும். நான் எழுத உட்கார்ந்தது உன் இன்னொரு வரிக்காக: "செத்ததெல்லாம் மிதந்து போயிடுச்சு, எண்ணக்கூட முடியல."

தம்பி, மூளைச் செல்கள் ஏன் சாகின்றன என்று தேடும் நம் துறையின் பெரிய சிக்கலே அந்த ஒரு வரியில் இருக்கிறது.

1906-இல் ஜெர்மன் மருத்துவர் அல்சைமர், ஞாபக மறதியால் அவதிப்பட்ட ஆகுஸ்ட் டீட்டர் என்ற பெண் இறந்த பிறகு அவருடைய மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிய இழைகள். 1912-இல் லெவி என்ற மருத்துவர், பார்க்கின்சன் (நடுக்குவாத) நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் உருண்டை உருண்டையாகச் சிலவற்றைப் பார்த்தார். அந்த உருண்டைகளில் இருப்பது ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம் என்று தெரியவே 1997 ஆகிவிட்டது. இதெல்லாம் ஊர் காலியான பிறகு போய், மிச்சமிருக்கும் வீடுகளைப் பார்த்து எழுதிய கணக்கு. ஓடிப்போனவர்களிடம் கேட்க முடியாது. இருக்கிற வீடுகளில் புரதக் கட்டி தெரிந்தது, பழியும் அதன் மேல் விழுந்தது.

2004-இல் ஃபிங்க்பைனர் என்ற விஞ்ஞானியின் குழு செய்த வேலையை முழுதாகப் படி. மூளைச் செல்களை அழிக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டனுக்குக் காரணமான புரதத்தை நியூரான்களில் ஏற்றி, தானாக நகரும் மைக்ரோஸ்கோப்பை வைத்து அதே செல்லிடம் திரும்பத் திரும்பப் போய்ப் படம் எடுத்தார்கள். கட்டி உருவான நியூரான்கள்தான் அதிக நாள் பிழைத்தன. கட்டியே இல்லாமல் பல செத்துப்போயின. அங்கங்கே சிதறித் திரிந்த புரதத்தை ஒரு மூலையில் கூட்டி ஒதுக்கி, செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறது. எல்லா நோயிலும் கட்டி நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கடைசி நாளில் மட்டும் படம் எடுத்திருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

என் கதையையும் சொல்கிறேன். மூன்றாம் வருடத்தில் சிதைந்த ஆக்சான்களை, நியூரானின் நீண்ட வால்களை, நானே எண்ணினேன். எந்தத் தட்டு நோயாளியுடையது என்று தெரிந்துகொண்டேதான் எண்ணினேன். வித்தியாசம் கண்ணைப் பறித்தது. லேபில் ஒரு தோழி லேபிளை மறைத்துக் கொடுத்தாள். மறுபடி எண்ணினால் பாதி வித்தியாசம் காணோம். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆசை கண்ணுக்குள் புகுந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் மிச்சமிருந்த பாதியை வைத்துத்தான் ஆய்வேடு எழுதினேன். அது நின்றது.

லேபில் வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்லான ஹீலாவைச் சொல்லி, "இதையே ஹீலா செல்லில் செய்தால் ஒரு வாரத்தில் முடியுமே" என்று கேட்டிருந்தாய். முடியும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதைத் தேடி, பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய பார்க்கின் என்ற புரதம் போகிறது என்று 2008-இல் காட்டியதில் அந்தச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஹீலாவில் சொந்தப் பார்க்கின் அனேகமாகக் கிடையாது, நாம்தான் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். ஹீலா, மைட்டோகாண்ட்ரியாவை அதிகம் நம்பாமல், சர்க்கரையை உடைத்தே காலம் தள்ளும். நியூரானுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் பிழைப்பே இல்லை. முதுகுத்தண்டிலிருந்து கால் வரை போகும் ஆக்சான் ஒரு மீட்டர் நீளம் இருக்கும். அதில் மிக வேகமாகப் போகும் சரக்கே நாளுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான், கடைசி முனைக்குப் போய்ச்சேர இரண்டரை நாள். ஆக்சானுக்குள் ஒரு மைட்டோகாண்ட்ரியா நகர்ந்து, நின்று, என்ன நினைத்ததோ, வந்த வழியே திரும்புவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் ஹீலாவுக்குப் போக உனக்கே மனசு வராது.

பார்க்கின்சனுக்கு லெவோடோபா 1960-களில் வந்தது. இன்றைக்கும் அதுதான் முக்கிய மருந்து. மூளையில் குறைந்துபோன டோபமைன் என்ற வேதிப்பொருளை ஈடுகட்டும், செல் சாவதை நிறுத்தாது. யாருடைய வீட்டிலோ ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நிற்கிறார். அந்தச் செல் ஏன் சாகிறது என்று அவருக்குச் சொல்ல இன்னும் நம்மிடம் முழுப் பதில் இல்லை. அதனால்தான் உன் ஏழு வாரம் எனக்கும் வலிக்கிறது.

அடுத்த தொகுதியில் அடியில் கட்டம் போட்ட தட்டு வாங்கிக்கொள். தினமும் அதே கட்டங்களைப் படம் எடு. சாகிற செல்லுக்கு அதன் நாளைக் குறி, முந்தின நாள் அது எப்படி இருந்தது என்று போய்ப் பார். லேபிளை வேறு யாராவது மறைக்கட்டும். கைடு கேட்டால் எண்ணிக்கை இன்னும் தயாராகவில்லை என்று தைரியமாகச் சொல்.

முதல் படம் எடுத்ததும் எனக்கு அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா