மிளகுக்கு இன்னும் தெரியவில்லை

அன்பு மகளுக்கு,

சிங்கப்பூரின் மேற்கிலுள்ள தெங்காவுக்குக் குடிவந்த மறுநாள் இரவு நீ மெல்பர்னிலிருந்து அழைத்து, பூனைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டபோது, "நன்றாக இருக்கின்றன" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். பொன்னியைப் பொறுத்தவரை அது உண்மைதான். பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே அவள் சன்னலோரம் ஏறி உட்கார்ந்து, எதிரே எழும்பும் புளோக்கின் பாரந்தூக்கியை வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டாள். மிளகைப் பற்றித்தான் பொய் சொன்னேன். உன் அம்மா பக்கத்தில் நின்று கண்சாடை காட்டியதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பழி முழுவதும் என்னுடையது அல்ல.

வீடு மாறும் நாளுக்குரிய ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. ஒரு வாரம் முன்பே கூண்டுகளைத் திறந்தபடி கூடத்தில் வைத்து, பழைய துண்டை விரித்து, அவர்களாகவே உள்ளே போய்ப் படுக்கும்படி பழக்கியிருந்தோம். லாரி வந்த காலையில் இருவரையும் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். 'திறக்க வேண்டாம்' என்று நான் எழுதி ஒட்டிய தாளைச் சாமான் ஏற்ற வந்தவர்களில் எத்தனை பேர் படிப்பார்களோ என்று, அம்மா அதன்கீழே பெரிய மீசையோடு ஒரு பூனையை வரைந்துவைத்தாள். பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் பூனையை ஏற்ற முடியாது என்பதால், செல்லப்பிராணிகளை ஏற்றிக்கொள்ளும் காருக்கு முன்பதிவு செய்திருந்தேன். தோ பாயோவிலிருந்து புறப்பட்டு பிஐஇ விரைவுச்சாலை முழுவதும் பொன்னி கத்திக்கொண்டே வந்தாள். மிளகு மூச்சுக்கூட விடவில்லை. சமர்த்துப் பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன். கத்தாத பூனையைத்தான் கவனிக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

புது வீட்டில் படுக்கையறையை மட்டும் அவர்களுக்கு ஒதுக்கி, மணல்தட்டு, தண்ணீர், துவைக்காத பழைய போர்வை எல்லாம் வைத்திருந்தோம். கெட்டது எங்கே என்றால், மறுநாளே நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சியதில்தான். உறவினரும் அண்டைவீட்டாருமாக வந்துகொண்டே இருந்தார்கள், கதவுமணி ஓயவில்லை. அதற்கிடையே ஒருவர் அன்போடு லில்லிப் பூங்கொத்து கொண்டுவந்தார்; அதன் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும் என்பதால் அதை நைசாக வெளியே எடுத்துப்போனேன். எல்லோரும் போன பிறகு பார்த்தால் மிளகு கட்டிலுக்கடியில், சுவரோடு ஒட்டிய மூலையில், தன் உருவத்தில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தாள். அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. பூனை தொடர்ந்து சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று மருத்துவர் தொலைபேசியில் எச்சரித்து, மூன்றாம் நாளும் உண்ணாவிட்டால் தூக்கிவரச் சொன்னார்.

அந்த இரவு கட்டிலருகே தரையில் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் அவள் கண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒளிதலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம் அல்லவா? 2014-இல், நீ உயர்நிலை நான்கில் படித்தபோது, கீழ்த்தளத்து அஞ்சல்பெட்டிகளின் அடியிலிருந்து அவளைச் சட்டைக்குள் மறைத்துத் தூக்கிவந்தாய். அப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது. 1989 முதலே அதுதான் விதி. மணி அடித்தால் நீ அவளை வாரியெடுத்து உன் கட்டிலுக்கடியில் விடுவாய். கழிவறையைப் புதுப்பிக்க வந்தவர்களுக்குப் பயந்து அவளை ஒரு நாள் முழுவதும் அலமாரிக்குள் வைத்திருந்தோம். பிறகு யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது மணி அடிப்பதற்குள் தானாகவே ஓடிவிடுவாள். என்ன புத்திசாலி என்று நாம் பெருமையடித்துக்கொண்டோம்.

2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வளர்க்கலாம் என்று சட்டம் மாறியதும், இருவருக்கும் நுண்சில்லு பொருத்தி, சன்னல்களுக்கு வலை அடித்து, இலவச இணையப் பாடத்தையும் முடித்து (பத்து ஆண்டுகள் பூனை வளர்த்தவன் பூனை வளர்ப்பதெப்படி என்று படித்ததை நீ சிரிக்காமல் வாசிக்க வேண்டும்), தேசியப் பூங்காக் கழகத்தின் உரிமத்தை என் பெயரில் வாங்கினேன். குடிவந்த வாரமே அதில் முகவரியையும் மாற்றிவிட்டேன். காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் மணிச்சத்தம் கேட்டால் ஆபத்தில்லை என்பதை மிளகுக்கு யார் சொல்வது? பழைய வீட்டில் ஓடி ஒளிய அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்று இருந்தது. இங்கே எந்த மூலையும் நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை போலும்.

மூன்றாம் நாள் காலை முதல்வேலையாகக் கதவுமணியின் மின்கலத்தைக் கழற்றினேன். உன் அம்மா, நீ விட்டுப்போன பாத்திக் சாரோங்கைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, உப்புப் போக அலசி வேகவைத்த இக்கான் பிலிஸை, அதாவது நெத்திலிக் கருவாட்டை, ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, மிளகைப் பார்க்காமல், பேசாமல், முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும். முதலில் மூக்கு வந்தது, பிறகு ஒரு கை. ஒரு மீனைப் பின்னுக்கு இழுத்துத் தின்றாள். அடுத்ததை வெளியே வந்தே தின்றாள். பிறகு கட்டில் காலில் கன்னத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். கன்னத்துச் சுரப்பிகளிலிருந்து தன் வாசனையைப் பூசி இடத்தைத் தனதாக்கிக்கொள்வது பூனைகளின் வழக்கம் என்று நான் விளக்கத் தொடங்கியதும், "தெரியும், பட்டா எழுதுகிறாள், சும்மா இருங்கள்" என்றாள் அம்மா.

இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறாள், இரவில் என் காலடியில் படுக்கிறாள். நீ அவளை அங்கே அழைத்துக்கொள்ள நினைத்தபோது, மெல்பர்ன் அருகே மிக்கலமிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் குறைந்தது 10 நாள் தனிமைப்படுத்துவார்கள் என்று கேட்டதும் நான் பிடிவாதமாக மறுத்தேன். அதில் உனக்கு இன்னும் வருத்தம் இருப்பது தெரியும். தீவின் மேற்கு மூலைக்கு வந்ததற்கே அவள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, என் முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

டிசம்பரில் வரும்போது ஒன்று மட்டும் செய். மணி வேலை செய்யாது என்றாலும் கதவைத் தட்டாதே. மின்தூக்கியில் ஏறும் முன்பே தொலைபேசியில் அழை, சத்தமில்லாமல் திறந்துவிடுகிறேன். உள்ளே வந்ததும் தரையில் உட்கார்ந்துகொள். சாரோங்கில் உன் வாசனை இன்னும் போகவில்லை.

அன்புடன்,
அப்பா